கதவில் தொங்கிய சிவப்பு அட்டை

அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும், நான் முகம் பார்த்திராத ஒரு நிரலாளர் எழுதியிருந்தார். மடிக்கணினியின் பேட்டரி அளவைப் படிக்கும் பகுதியைப் புதிதாக எழுதுகிறாராம். அந்தப் பகுதியில் முன்பு இருந்த கோளாறை முதலில் சொன்னவர் நீங்கள்தான், அந்தக் கணினி இன்னும் உங்களிடம் இருந்தால் என் புதிய நிரலை ஓட்டிப் பார்த்து, பழைய தொந்தரவு திரும்பவில்லையே என்று சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அப்பாவுக்கு வரும் கடிதங்களின் பிரதி எனக்கும் வரும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே ஒரு கையில் போனை வைத்துப் படித்தேன். தோசை கருகிப்போனது.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை.

நான் செய்யும் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியைத் திறந்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து, திரை, விசைப்பலகை, பேட்டரி, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றையும் வேலை வாங்கும் அடிப்படை நிரல் ஒன்று உண்டு. அதைக் கெர்னல் என்போம். நான் வேலை செய்யும் கெர்னல் யாருக்கும் சொந்தமானதல்ல. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியதை ஊரே பார்க்க நாலு பேர் கிழித்துத் தொங்கப்போடுவார்கள், தப்பிப் பிழைத்தால் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குச் சம்பளம் தருவது வேறொரு நாட்டில் இருக்கும் நிறுவனம். அலுவலகம் என்பது ஆங் மோ கியோ வட்டாரத்தில் பதினோராம் மாடியில், அப்பாவோடு நான் இருந்த வீட்டின் சின்ன அறை. பதினேழு வருஷமாக என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் என்னை ஆண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்துவதை விட்டு வெகுநாள் ஆகிறது.

வீட்டிலிருந்து வேலை என்றால் நம் ஆட்களுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். மேல்வீட்டு அம்மா பார்சல் வாங்கி வைக்கச் சொல்வார். சித்தி பகல் பத்தரைக்குப் போன் செய்து, "சும்மாதானே இருக்கே?" என்று ஆரம்பிப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒன்றைப் பிடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், தலையில் அடுக்கி வைத்த அத்தனையும் சரிந்துவிடும், மறுபடி அடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்பாவும் ஆரம்பத்தில் மணிக்கு நான்கு தரம் கதவைத் தட்டுவார். கோப்பி குடிக்கிறியாம்மா, மழை வருது துணி எடுக்கவாம்மா, டிவில உங்க கம்ப்யூட்டர் பத்தி ஏதோ சொல்றான் பாரு. ஒருநாள் நான் கத்தியே விட்டேன். "அப்பா, நான் வீட்டுல இல்லைன்னு நெனச்சுக்குங்க!"

அப்பா முகம் சுருங்கிப்போனார். ஆனால் மறுநாள் காலையில் தன் பழைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

அப்பா முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி புளோக்குகளில் அவர் ஏறி இறங்காத, லிஃப்ட் ஓடும் கிணறு இல்லை. அந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்குகிற ஆள் மேலே மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் தன் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே என்று அதில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருக்கும். தமிழ் இல்லையே என்பதில் அப்பாவுக்குக் கடைசிவரை குறைதான். அட்டையை மாட்டியவரேதான் வந்து கழற்ற வேண்டும். மேலதிகாரி வந்தாலும் கைவைக்கக் கூடாது, பத்து மாடிக்காரர்களும் கீழே நின்று திட்டினாலும் கைவைக்கக் கூடாது. கைவைத்தால் உள்ளே இருக்கிறவன் செத்தான்.

"இத கதவு கைப்பிடில மாட்டிக்கம்மா. இது தொங்குனா நான் தொட மாட்டேன். நீயே கழட்டுனப்புறம்தான் கூப்பிடுவேன்," என்றார்.

எங்கள் கெர்னலிலும் கிட்டத்தட்ட இதே விதி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். ஒரு சாதனத்தைப் பூட்டி வைத்து வேலை செய்கிற நிரல்தான் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும், அதுவரை மற்றவை வரிசையில் காத்து நிற்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். டேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தன் கூட்டாளிகளிடம், "எங்க வேலையும் அவ வேலையும் ஒண்ணுதான்லா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பா பெயர் கெர்னலில் ஏறிய கதையும் அந்த வருஷம்தான் நடந்தது. என் பழைய மடிக்கணினி ஒன்றைப் பாட்டுக் கேட்க அவருக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, "அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் பாட்டு விக்குதும்மா," என்றார். இன்டர்நெட் கோளாறு என்றேன். இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன், அப்பவும் விக்குது என்றார். பழைய கணினி அப்படித்தான் என்றேன். அவர் விடவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விக்குகிற நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். பார்த்தால் சரியாக முப்பது விநாடிக்கு ஒருமுறை. எனக்கு வெட்கமாகிவிட்டது. தேடிப் பார்த்ததில், முப்பது விநாடிக்கு ஒருமுறை பேட்டரி அளவைக் கேட்கும் நிரல், பூட்டைப் போட்டுக்கொண்டு, அந்த மந்தமான பேட்டரி பதில் சொல்லும்வரை விடாமல் உட்கார்ந்திருந்தது. பாட்டை அனுப்ப வேண்டிய நிரல் அதுவரை வாசலில் நின்றது. மெதுவாகப் பதில் சொல்லும் ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். திருத்தத்தில் அதைக் கொஞ்சம் காரமாகவே எழுதி அனுப்பினேன்.

கோளாறைச் சொன்னவரின் பெயரையும் முகவரியையும் திருத்தத்தின் கீழே ஒரு வரியாகச் சேர்ப்பது எங்கள் வழக்கம். சேர்த்துவிட்டால் பிறகு யாராலும் அழிக்க முடியாது. அதற்காக அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அவர் போனிலும் போட்டுக்கொடுத்தேன். நான் அச்சிட்டுக் கொடுத்த அந்த வரியை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். டேக்கா கூட்டாளிகள் எல்லோரும் அதைப் படித்தாயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் பெயர் மட்டும் புரிந்தது.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும்.

அன்று நான் ஒரு கோளாறை இரண்டாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தேன். போன மாதக் கெர்னல் ஒழுங்காக ஓடுகிறது, இந்த மாதக் கெர்னல் ஓடவில்லை என்றால், நடுவில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் சரியாக நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். அது நன்றாக இருந்தால் கெட்டது அதற்குப் பிந்திய பாதியில், கெட்டிருந்தால் முந்திய பாதியில். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. நடுவில் கவனம் சிதறி நல்லதைக் கெட்டது என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும், மொத்தத் தேடலும் பாழ். அதனால் பத்து மணிக்கு அட்டையை மாட்டினேன், கதவைச் சாத்தினேன், காதில் ஹெட்போனை வைத்தேன்.

பன்னிரண்டே காலுக்கு அந்த ஒரே ஒரு மாற்றம் அகப்பட்டது. ஆறு நாளாக இரண்டு கண்டத்து ஆட்கள் தேடி அகப்படாதது. துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "கண்டுபிடிச்சிட்டேன்ப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

அப்பா சாப்பாட்டு மேசையில் என் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே போகும் சட்டை போட்டிருந்தார். அடையாள அட்டையும் மாத்திரைச் சீட்டும் சட்டைப் பையில் இருந்தன. வீட்டுக்குள் செருப்புப் போடாதவர் செருப்பும் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். முகம் சாம்பல் பூத்து, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"முடிச்சிட்டியாம்மா?" என்றார். "பாலிகிளினிக் வரைக்கும் போயிட்டு வந்துடலாமா? பத்து மணிலேருந்து நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு."

"கூப்பிட வேண்டியதுதானேப்பா!"

அவர் கதவுக் கைப்பிடியைக் கண்ணால் காட்டினார். அட்டை அப்போதும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பெண், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா, "இப்பதான், பன்னெண்டு மணிக்கு," என்றார். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். பத்து மணிக்கு என்று நான் திருத்தினேன். அந்தப் பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு அப்பா போய்விட்டார்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சடங்குகளுக்காகக் கூடாரம் போட்டிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். நல்லவேளை, நீ வீட்டிலேயே இருந்தே. சும்மாதானே இருக்கே என்று பதினைந்து வருஷம் கேட்ட சித்திகூட என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். என் அண்ணன், பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், அவனும் வருகிறவர்களிடமெல்லாம், "தங்கச்சி பக்கத்துலயே இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டு நின்றான். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன். இரண்டு வருஷமும் ஆட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் அண்ணன் என் முகத்தில் முழிக்க மாட்டான் என்று பயந்தேன். எனக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான், அம்மா எப்போதோ போய்விட்டாள்.

வேலைப் புத்தி விடுமா? அந்தக் காலையையும் இரண்டாகப் பிரித்துத் தேட ஆரம்பித்தேன். பத்து மணிக்கு அப்பா காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்தார். பன்னிரண்டே காலுக்கு இல்லை. நடுவில் பதினொன்று. பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தால்? அந்த இடத்தில் தேடல் நின்றுவிடும். பதினொரு மணிக்கு அப்பா எப்படி இருந்தார் என்று சொல்ல யாருமில்லை. அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். எறிய மனம் வராமல் மேசை இழுப்பறையில் போட்டேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்தி வேலை செய்ததில்லை, ஆனால் வீட்டில்தான் கூப்பிட யாருமில்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல அப்பாவின் மடிக்கணினி வேண்டும். அது அண்ணன் வீட்டில் இருந்தது. சடங்குகள் முடிந்ததும் மடிக்கணினியையும் போனையும் அவன்தான் எடுத்துப் போனான், போன் லைனைத் தானே வெட்டிவிடுவதாகச் சொல்லி. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, புதிய கெர்னலை ஒரு தம்ப் டிரைவில் போட்டுக்கொண்டு புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் மட்டும் பனியனோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா லேப்டாப் வேணும்ண்ணே. ஒரு டெஸ்ட் பண்ணணும்."

"தெரியும்லா. அப்பாவுக்கு மெயில் வந்துச்சுல்ல. நீ வருவேன்னுதான் சார்ஜ் போட்டு வச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா போன்ல வந்துச்சு."

"அந்த லைனதான் கட் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

அண்ணன் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தான். பிறகு உள்ளே போய் அப்பாவின் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். திரை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் அப்பா ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

"கட் பண்ண முடியல," என்றான். போனைத் திறந்து என் பக்கம் தள்ளினான். அப்பா போன நாளில் அவர் பேசிய கடைசி அழைப்பு. அண்ணன் பெயர். காலை பத்து ஐம்பத்து மூன்று. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி.

நேரத்தை இரண்டு தரம் படித்தேன்.

"பஸ் இன்டர்சேஞ்ச்ல இருந்தேன்," என்றான். "பிரேக் முடிய அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. ஒரு மாதிரி இருக்குடா, நெஞ்சு அடைக்குதுன்னாரு. நல்லாதான் பேசினாரு, குரல்ல ஒண்ணுமே தெரியல. தங்கச்சி வீட்டுலதானே இருக்குன்னு கேட்டேன். இருக்குன்னாரு. அப்புறம் என்னப்பா, கூப்பிடுங்க, கிளினிக் போங்கன்னேன். அட்டை தொங்குதுடா, அவளே கழட்டட்டும்னாரு. சரி, தங்கச்சி வந்துடும், எனக்கு பஸ் எடுக்கணும்னு வச்சிட்டேன்."

போனைத் திரும்ப அவன் பக்கம் தள்ளினேன்.

"உனக்கு ஒரு கால் அடிச்சிருக்கலாம்," என்றான். "ஒரு கால். நீ எடுத்திருக்க மாட்டே, தெரியும். ஆனா நான் அடிக்கவே இல்ல. நீ வீட்டுல இருக்கேங்கிற தைரியம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அட்டை தொங்கியது அவனுக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டேதான் கூடாரத்தில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் தங்கச்சி பக்கத்துலயே இருந்துச்சு என்று சொல்லியிருக்கிறான். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்காதபடி பார்த்துக்கொண்டான். நான் அவனுக்குப் பயந்து மறைத்தேன், அவன் எனக்காகவும் தனக்காகவும் மறைத்தான். அழுகை வந்தது. அப்பா போன அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை. மடித்து வைத்த துணிகளில் ஒன்றை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் என் முதுகில் கை வைத்தான்.

தேடலில் நின்றுபோன இடத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதினொரு மணிக்கு அப்பா நன்றாகப் பேசினார். அதற்குப் பிந்திய ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவர் பேசக்கூடிய நிலையில், செருப்போடு, என் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கோப்பி போட்டான். நான் தம்ப் டிரைவைச் செருகிப் புதிய கெர்னலை ஏற்றினேன். அப்பா கேட்கும் பாட்டு வரிசை அப்படியே இருந்தது. முதல் பாட்டைப் போட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அண்ணன் தன் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து முப்பது முப்பது விநாடியாக எண்ணினான். நாலு பாட்டு கேட்டோம். எங்கும் விக்கவில்லை. அந்த முகம் தெரியாதவர் நன்றாகவே எழுதியிருந்தார்.

அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். "தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்போம், எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அன்று அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வெகுநேரம் பிடித்தது. பிறகு, நீங்கள் எழுதியவர் இப்போது இல்லை, அவர் கணினியில் அவர் மகனும் மகளும் ஓட்டிப் பார்த்தோம், பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, உங்கள் திருத்தத்தின் கீழேயும் அவர் பெயரை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதினேன். அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினான். கடிதத்தில் ஏற்கெனவே இருக்கும் முகவரிகளில் ஒன்றையும் நீக்காமல் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் அனுப்புவது எங்கள் வழக்கம். அப்பாவின் முகவரியையும் விடாமல் அப்படியே அனுப்பினேன்.

அடுத்த நொடி மேசைமேல் அப்பாவின் போன் ஒலித்தது. அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் பாய்ந்து கையை நீட்டினோம்.